டிரம்ஸ் பேச மறுத்தால்…
(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி)

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள் பெரியோர். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் பாடகர் குழு வாங்கிய டிரம்ஸ், எத்தனை அடி அடித்தும் வாய் திறக்கவில்லை!

நவம்பர் 22-ஆம் நாள், இசையின் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாள் என்பதை நாம் அறிவோம். அன்றைய திருப்பலியில் வாசிப்பதற்காக, மாணவியர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, வேறொருவர் பயன்படுத்திய மின்னணு டிரம்ஸ் ஒன்றை வாங்கினோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உண்டியலை உடைத்துக் கொடுத்த காசும் அதில் அடக்கம். குன்றத்தூருக்கு அது வந்து சேர்ந்த மாலையில்தான் அதன் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஸ்நேர் ஊமையாகிவிட்டது. கிக் பெடலை ஒரு முறை மிதித்தால் இரண்டு முறை ஒலித்தது. பெரிய டாமை அடித்தால் பக்கத்துச் சிறிய டாமும் சேர்ந்து ஒலித்தது. ஹை-ஹாட் மூடிய ஒலியைத் தரவே இல்லை. ஒரு சிம்பலில் சத்தமே இல்லை. "ஏமாந்து போனோமே!" என்று சிலர் கண் கலங்கினர். திருநாளுக்கு எட்டு நாட்களே இருந்தன.

அந்த எட்டு நாட்களில் நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். மிருதங்கத்தில் கை படும் தோலே ஒலியை எழுப்புகிறது. சுருதி கலைந்தால் கல்லும் குச்சியும் கொண்டு தட்டிச் சரி செய்வார்கள். மின்னணு டிரம்ஸில் நாம் அடிக்கும் தட்டு இசையொலி எதையும் தருவதில்லை. அந்தத் தட்டுக்குப் 'பேடு' என்று பெயர். அதனுள்ளே பித்தளை வில்லை ஒன்றின் மேல் ஒருவகைப் பீங்கான் பூச்சு இருக்கும். அடி விழுந்ததும் அந்த வில்லையில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அது கேபிள் வழியாக 'மாடியூல்' என்னும் பெட்டிக்குச் செல்கிறது. பெட்டி அதன் வலிமையை அளந்து, தன்னிடம் உள்ள ஒலிகளில் உரியதை எடுத்து ஒலிக்கிறது. 1983-ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள 'மிடி' என்னும் முறையில், அடியின் வேகம் 1 முதல் 127 வரையிலான எண்ணாகக் குறிக்கப்படுகிறது. மெல்ல அடித்தால் சிறிய எண், ஓங்கி அடித்தால் பெரிய எண்.

அழுத்தத்தால் மின்சாரம் பிறக்கும் இவ்வியல்பை 1880-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்கள் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியேர் கியூரியும் ஆவர். அப்போது பியேருக்கு வயது 21தான். பின்னாளில் அவரை மணந்த மேரி கியூரி, கதிரியக்கத்தை அளப்பதற்கு இதே இயல்பு கொண்ட கருவியையே பயன்படுத்தினார். நம் வீட்டு அடுப்படியில் 'டிக்' என்று அழுத்தியதும் பொறி பறக்கும் கேஸ் லைட்டரும் இந்தத் தத்துவத்தால்தான் இயங்குகிறது. அம்மாவின் லைட்டரும் எங்கள் ஸ்நேரும் உறவு முறை என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

இனிப் பழுது பார்க்கும் முறைக்கு வருவோம். என் தந்தை ஒரகடத்தில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறார். அவர் எங்களுக்குச் சொன்னது ஒரே விதி: "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை." நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருந்து தர வேண்டும் என்று வள்ளுவரும் கூறவில்லையா? நாங்களோ முதல் நாள் எல்லாக் கேபிள்களையும் ஒன்றாகப் பிடுங்கி மாற்றிச் செருகி, இருந்த குழப்பத்தை இரட்டிப்பாக்கியிருந்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். அடாப்டரின் மேல் உள்ள வோல்ட் அளவும், கூட்டல் கழித்தல் குறிகளின் அமைப்பும், மாடியூலில் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும். ஆம்பியர் அளவு குறையக் கூடாது. குறி மாறினால் பெட்டியே கெட்டுவிடக்கூடும். அடுத்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் கேட்க வேண்டும். குறை டிரம்ஸிலா ஸ்பீக்கரிலா என்பது உடனே விளங்கிவிடும்.

ஒரு பேடு ஊமையானால், நன்றாக ஒலிக்கும் பேடின் கேபிளை எடுத்து அதில் செருகுங்கள். ஒலித்தால் பழைய கேபிளில்தான் குறை. ஒலிக்காவிட்டால், அந்தப் பேடை மாடியூலில் வேறொரு துளையில் இணைத்துப் பாருங்கள். அங்கே ஒலித்தால் குறை மாடியூலின் துளையில். அங்கும் ஒலிக்காவிட்டால் குறை பேடில். இப்படி மூன்று கேள்விகளில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான்!

எங்கள் ஸ்நேரில் குறை பேடில் இருந்தது. பெரியவர் ஒருவரின் துணையோடு திறந்து பார்த்தோம். வில்லையிலிருந்து வரும் மெல்லிய கம்பி, ஈயப்பற்றிலிருந்து விட்டுப் போயிருந்தது. ஆண்டுக் கணக்கில் அடி வாங்கினால் விடாதா என்ன? சால்டர் வைத்துப் பற்றவைத்ததும் பேசத் தொடங்கியது. வில்லையே உடைந்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் மின்னணு உதிரி பாகக் கடைகளில் அது குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஹை-ஹாட்டின் குறை கேபிளில் இருந்தது. கேபிளின் முனையில் கறுப்பு வளையம் ஒன்று இருந்தால் அதற்குள் இரண்டு இணைப்புகள், இரண்டு வளையங்கள் இருந்தால் மூன்று இணைப்புகள். எங்கள் ஹை-ஹாட் பெடலுக்கு மூன்று இணைப்பு தேவை. யாரோ இரண்டு இணைப்புக் கேபிளைச் செருகி வைத்திருந்தார்கள்! மாற்றியதும் ஹை-ஹாட் ஒழுங்காக மூடியது.

மற்ற இரண்டு குறைகளுக்கும் ஸ்குரூடிரைவரே தேவைப்படவில்லை. மாடியூலில் பேடுகளுக்கென்று சில அளவுகள் உள்ளன. எவ்வளவு மெல்லிய அதிர்வை அடியாகக் கொள்ள வேண்டும் என்பது 'திரெஷோல்டு'. அடுத்த பேடின் அதிர்வைத் தன் அடியாக எண்ணாதிருக்கச் செய்வது 'கிராஸ்டாக்'. ஓர் அடிக்குப் பின் மறு அடியை ஏற்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது 'ரீட்ரிக்கர்'. பெயர்கள் பெட்டிக்குப் பெட்டி சற்று மாறலாம். ரீட்ரிக்கர் நேரத்தைச் சிறிது கூட்டியதும் கிக் ஒரு மிதிக்கு ஒரு முறை மட்டும் ஒலித்தது. டாம்களுக்கு முதலில் சட்டத்தில் தளர்ந்திருந்த பிடிகளை முடுக்கினோம். பின்பு கிராஸ்டாக்கைச் சரி செய்தோம். முன்பு வைத்திருந்தவர் மாற்றிய அளவுகளை நீக்கப் பெட்டியைப் பிறந்த நிலைக்குக் கொண்டுவரும் 'பேக்டரி ரீசெட்' வசதியும் உண்டு. ஆனால் அதைத் தொடுமுன் பழைய அளவுகளைக் குறித்துக்கொள்வது நலம்.

சிம்பல்? அதை வேறு துளையில் செருகினால் ஒலித்தது. எனவே குறை மாடியூலுக்குள் என்று அறிந்தோம். பெட்டியைத் திறக்க எங்களுக்கு அறிவு போதாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவதும் ஒரு படிப்புத்தான். ஆகவே அந்தத் துளை இன்றும் ஊமையே. ஒரு சிம்பலோடு வாசிக்கப் பழகிக்கொண்டோம்.

பழையது வாங்கும் தோழியருக்கு ஒரு சொல்: பணத்தைக் கொடுக்கும் முன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பேடையும் மெல்லவும் ஓங்கியும் அடித்துப் பாருங்கள். கேபிளை இலேசாக அசைத்துப் பாருங்கள். அடாப்டரும் விளக்கக் கையேடும் உடன் வருகின்றனவா என்று கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறினோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், தூக்கி எறியும் பழக்கத்தைக் குறித்து வருந்தியிருக்கிறார். நாங்களும் ஒரு கம்பி விட்டுப் போனதற்காக ஒரு கருவியையே எறிய இருந்தோம். ஊமை என்று நாம் ஒதுக்குவதில் எத்தனையோ, ஓர் இணைப்பு அறுந்தவை மட்டுமே அல்லவா?

நவம்பர் 22 அன்று காணிக்கைப் பாடலுக்கு ஸ்நேர் ஒலித்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி, மடியில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உண்டியல் காசு வீணாகவில்லை!