கெலுலுட் கூட்டுக்குத் தடித்த சுவர் வேண்டும்

பினாங்கில் பனி பெய்வதில்லை. தேன்பெட்டிக்கு வெப்பக்காப்பு என்ற பேச்சை எடுத்தாலே, அது ஐரோப்பாக்காரர்களும் கனடாக்காரர்களும் படவேண்டிய கவலை என்று நாம் தள்ளிவிடுகிறோம். வெப்பத்தைத் தடுக்கும் சுவரோ இரண்டு பக்கமும் காவல் நிற்கும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. வெளியே கொளுத்தும் வெயிலை உள்ளேயும் விடாது. நம் தீவுக்கு இந்த இரண்டாவது வேலைதான் பெரிது.

தேனீக் கூட்டின் உயிர்நாடி அதன் புழு அடை. தேனீக்கள் அந்த இடத்தை 34, 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வைத்துக்கொள்ளப் பாடுபடுகின்றன. குளிர்ந்தால் இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிரவைத்துச் சூடு உண்டாக்கும். சூடு ஏறினால் நீர் கொண்டுவந்து அடைமேல் பூசி, இறக்கையால் விசிறி ஆற்றும். இதற்கெல்லாம் செலவாகும் எரிபொருள் அவை சேர்த்த தேன்தான். சில டிகிரி குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் இதற்குப் பதில் தந்தார்கள். 32 டிகிரியில் கூட்டுப்புழுப் பருவத்தைக் கழித்த தேனீக்கள், 36 டிகிரியில் வளர்ந்தவற்றைவிடக் கற்பதிலும் நினைவில் வைப்பதிலும் பின்தங்கின. மலர் இருக்கும் திசையைச் சொல்லும் நடனத்தையும் அவை சரியாக ஆடவில்லை.

காட்டில் தேனீ குடியேறும் மரப்பொந்துக்குச் சுவர் தடிப்பானது. அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1852இல் காப்புரிமை பெற்ற சட்டப்பெட்டியின் வழிவந்த இன்றைய பெட்டிகளில், பலகை ஏறத்தாழ 2 செ.மீ.தான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கு ஏற்றபடி சிறிய பெட்டி செய்து தந்தார். அதுவும் பலகைச் சுவர்தான். சட்டத்தை உருவிப் பார்க்கலாம், அடையை உடைக்காமல் தேன் எடுக்கலாம் என்று வளர்ப்பவருக்குக் கிடைத்த வசதி மிகப் பெரியது. அதற்கான விலையைத் தேனீதான் கொடுத்துவருகிறது என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் டெரெக் மிட்செல் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, மரப்பொந்தைவிட வழக்கமான மரப்பெட்டிகள் 4 முதல் 7 மடங்கு வரை வெப்பத்தைக் கடத்துகின்றன.

இனி நம் வெயிலுக்கு வருவோம். மலேசியாவின் உச்ச வெப்பநிலையான 40.1 டிகிரி, 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. 2016 ஏப்ரலில் கெடாவிலும் பெர்லிஸிலும் வெயில் தாங்காமல் பள்ளிகளையே மூடினார்கள். அண்டை மாநிலமான பினாங்கு அவ்வளவு உயரம் போகாவிட்டாலும், நமக்குச் சோதனை வேறு வகையில் வருகிறது. கடற்காற்றில் ஈரம் அதிகம். ஈரக்காற்றில் நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். நீர் பூசி விசிறும் வித்தைக்கும் பலன் குறைகிறது. அந்தக் குறையை நிழலும் தடித்த சுவரும்தான் ஈடுகட்ட வேண்டும்.

இங்கே பலரும் வளர்ப்பது கொடுக்கில்லாத கெலுலுட். தமிழ்நாட்டுக் கொசுத்தேனீயின் உறவு. சூட்டைச் சமாளிக்கும் திறமை இதற்குப் பெரிய தேனீயைவிடக் குறைவு; கூட்டின் அமைப்பையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஒவ்வொரு சிற்றறையிலும் உணவை நிரப்பி, ராணி முட்டையிட்டதும் அறையை மூடிவிடும். அதன்பின் அந்தப் புழுவுக்குச் சூடும் குளிரும் கூட்டுக்குள் இருக்கும் அளவுதான். தேனைச் சேமிக்கும் சிறு குடங்கள் மெழுகும் மரப்பிசினும் கலந்தவை. உச்சி வெயில் பெட்டியின் மேல்மூடியில் நேராக விழுந்தால் அந்தக் கலவை இளகிவிடும். கெலுலுட் தேனில் நீர் அதிகம். குடம் ஒன்று சரிந்தாலே புளிப்புத் தேன் அடிவரை வழியும். தேனீக்கள் அதில் சிக்கி மடியும். வாசனைக்கு எறும்பு வரும், ஈ வந்து முட்டையிடும். வெயிலில் தொடங்கிய கேடு கடைசியில் பூச்சியின்மேல் பழியாகப் போய்விடுகிறது.

மலேசிய வளர்ப்பாளர்கள் மரத்துண்டையே கூடாக வைத்து, அதன் தலையில் தேனுக்கென ஒரு சிறு பெட்டியைப் பொருத்தும் வழக்கம் அருமையானது. புழு அறை தடித்த மரத்துக்குள் இருக்கிறது. மனிதன் கை வைப்பது மேல்பெட்டியில் மட்டும். ஆனால் கூடு இருக்கும் மரத்தை வெட்டி எடுத்துவரும் பழக்கம் காட்டுக்குக் கேடு. பெட்டிக்குள்ளேயே கூட்டைப் பிரித்துப் பெருக்கினால் மரம் தப்பும். அப்படி மாறும்போது மெல்லிய பலகையைத் தேடிப் போகக் கூடாது என்பதே என் கோரிக்கை.

4 செ.மீ. தடிப்புள்ள பலகை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பெட்டிக்கு வெளியே பாலிஸ்டிரீன் அட்டையைச் சுற்றலாம். ஆஸ்திரேலியாவில் கொடுக்கில்லாத் தேனீ வளர்ப்பவர்கள் இதைச் செய்கிறார்கள். அதில் 1 செ.மீ., பலகையில் 3, 4 செ.மீ. தரும் காப்புக்கு ஏறக்குறையச் சமம். எறும்பு குடைந்துவிடாமலிருக்க அதன்மேல் மெல்லிய பலகை ஒன்று அடிக்க வேண்டும். சுவரைவிடக் கூரையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தகரக் கூரை வீட்டிலும் அத்தாப்புக் கூரை வீட்டிலும் மதியம் படுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேல்மூடிக்கும் தகரத்துக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டால், நடுவே ஓடும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கூரை நன்றாக வெளியே நீண்டிருந்தால் பருவமழையின் சாரலும் படாது. நனைந்த மரம் காப்பை இழந்துவிடும். வாசற்குழாயை மட்டும் எதைக்கொண்டும் மறைக்கக் கூடாது.

இதே காப்பு மழை இரவுகளிலும் உதவும். பாலிக் பூலாவ் சரிவிலும் கொடிமலை அடிவாரத்திலும் விடிய விடிய மழை கொட்டும் நாட்களில், தேனீ வெளியே போகாமல் சேமிப்பைத்தான் தின்கிறது. சூடு உள்ளே தங்கினால் தேனும் தங்கும்.

வீட்டில் பெட்டி வைத்திருப்பவர்கள் நாளை மதியம் இரண்டு மணிக்குப் போய் மேல்மூடியின்மேல் உள்ளங்கையை வையுங்கள். கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால், தேன் எடுப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு அன்றைக்கே ஒரு கூரை போட்டுக்கொடுங்கள்.