ஐந்து முறை அளந்தும் தவறியது ஏன்?

சமையலறை அலமாரிக்கு ஆர்டர் கொடுக்கும் முன், லேசர் தூரமானி ஒன்றை வாங்கிச் சுவருக்குச் சுவர் நானே அளந்தேன். ஐந்து முறையும் 2.89 மீட்டர், ஓரிரு மில்லிமீட்டர்தான் முன்பின். அறிவியல் ஆசிரியருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அலமாரி வந்து சேர்ந்தபோது ஓரத்தில் 11 சென்டிமீட்டர் இடைவெளி. இப்போது அங்கே துடைப்பம் நிற்கிறது.

கருவியில் குறையில்லை. தூரத்தை அதன் முன்விளிம்பிலிருந்தும் கணக்கிடலாம், பின்விளிம்பிலிருந்தும் கணக்கிடலாம். என்னுடையது முன்விளிம்புக்கு மாறியிருந்தது. நானோ பின்புறத்தைச் சுவரில் ஒட்டி வைத்தேன். கருவியின் நீளம் அப்படியே விடுபட்டுப் போனது. ஐந்து அளவுகளும் ஒத்துப்போனதற்குக் காரணம், ஐந்திலும் அதே பிழை இருந்ததுதான். முறையான பிழை என்பது இதுவே. ஐந்நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது போகாது.

தற்செயல் பிழை வேறு வகை. ஒளி ஒரு நானோ விநாடியில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஓடுகிறது. போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், நேரக் கணக்கில் ஒரு நானோ விநாடி பிசகினால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகும். ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துக்கு ஏறத்தாழ 7 பிக்கோ விநாடி! அதனால் பல கையடக்கக் கருவிகள் நேரத்தை நேராக அளப்பதில்லை. பிரகாசம் ஏறி இறங்கும் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியது என்று பார்க்கின்றன. நம் ஊர் உச்சிவெயிலிலும் கறுப்புத் துணியிலும் திரும்பும் ஒளி மங்கி, எண்கள் தடுமாறும். இங்கே சராசரி உதவும்: நான்கு அளவுகள் எடுத்தால் தடுமாற்றம் பாதியாகும்.

கருவி சாய்ந்தால்? 3 மீட்டரில் 5 பாகை சாய்வு, 11 மில்லிமீட்டரைக் கூட்டிக் காட்டும். சமதளச் சுவரில் சாய்வு எப்போதும் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆகவே கருவியை மெல்ல அசைத்து, கிடைப்பதில் மிகச் சிறிய எண்ணை எடுங்கள். கண்ணாடிக் கதவை நோக்கி அளக்காதீர்கள். ஒளி ஊடுருவிப் பின்னால் இருப்பதை அளந்துவிடும். ஒரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கருவியைச் சோதிக்க அளவுநாடா போதும். 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே வித்தியாசம் வந்தால், தொடக்கப் புள்ளியில் கோளாறு. மூன்று மடங்காக வளர்ந்தால், கருவியின் அளவீட்டிலேயே கோளாறு. அல்லது உங்கள் அளவுநாடா நீண்டிருக்கலாம்.