சல்சா நடனமும் பொறுமையும்: உடல் படிப்படியாகக் கற்கும் விதம்

“மூன்று வாரமாகப் பயிற்சி செய்கிறேன், ஒரு முன்னேற்றமும் தெரியவில்லையே” என்று இயன்முறைச் சிகிச்சைக்கு வருவோர் பலர் மனம் தளர்ந்து கூறுவதுண்டு. அந்தத் தளர்ச்சியில் சிலர் பயிற்சியையே கைவிட்டுவிடுகின்றனர். ஆனால், உடல் ஒரு புதிய அசைவைக் கற்கும்போது முன்னேற்றம் நாள்தோறும் ஒரே அளவில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளியே மாற்றம் தெரியாத நாட்களிலும் உள்ளே கற்றல் நடந்துகொண்டிருக்கலாம். இதை விளக்க, உலகின் பல நாடுகளில் எல்லா வயதினரும் விரும்பிக் கற்கும் சல்சா நடனத்தை எடுத்துக்கொள்கிறோம். நடனம் பழக விரும்புவோர்க்கும், நோய்க்குப் பின் மீண்டும் நடக்கப் பழகுவோர்க்கும் அதில் பொதுவான பாடம் உண்டு.

ஆறு அடிகளின் கடினம்

கியூபாவின் கிழக்குப் பகுதியில் வளர்ந்த ‘சோன்’ இசையிலிருந்து பெரிதும் கிளைத்தது சல்சா. 1960, 1970களில், நியூயார்க்கில் வாழ்ந்த புவெர்ட்டோ ரிக்கோ, கியூபா மக்களிடையே அது இன்றைய வடிவத்தையும் பெயரையும் பெற்றது. இருவர் இணைந்து ஆடும் இந்நடனத்தின் அடிப்படை எட்டுத் தட்டுகளுக்குள் அடங்கும்.

முதல் தட்டில் இடக்கால் முன்னே செல்கிறது. இரண்டாம் தட்டில் உடலின் எடை பின்னிருக்கும் வலக்காலுக்கு மாறுகிறது. மூன்றில் இடக்கால் நடுவுக்குத் திரும்புகிறது. நான்கில் புதிய அடி இல்லை. ஐந்தில் வலக்கால் பின்னே செல்கிறது. ஆறில் எடை இடக்காலுக்கு மாறுகிறது. ஏழில் வலக்கால் நடுவுக்கு வருகிறது. எட்டில் மீண்டும் நிறுத்தம். எதிரே ஆடுபவர் இதன் மறுபாதியை ஆடுகிறார்.

படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இது, இசை தொடங்கியதும் கடினமாகிவிடுகிறது. நிமிடத்துக்கு 180 தட்டுகள் உள்ள பாட்டில், எட்டுத் தட்டுகளும் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஆறு முறை எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுமையாக மாற்ற வேண்டும். புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் தவறுவது இந்த எடை மாற்றத்தில்தான். பாதத்தைத் தரையில் வைத்துவிட்டு எடையை மாற்றாமல் நின்றால், அடுத்த அடிக்கு எந்தக் காலை எடுப்பது என்று உடலுக்குத் தெரிவதில்லை. பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுவோரும் இதே இடத்தில் தடுமாறுவதைக் காண்கிறோம்: பாதிக்கப்பட்ட காலை ஊன்றிவிடுவார்கள், அதன்மேல் எடையை ஏற்ற அஞ்சுவார்கள்.

கற்றலின் மூன்று நிலைகள்

அசைவுகளைக் கற்பதில் மூன்று நிலைகள் உள்ளதாக பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் ஆகிய உளவியலாளர்கள் 1967இல் விளக்கினர். முதல் நிலையில் ஒவ்வோர் அடியையும் எண்ணி, யோசித்து வைக்கிறோம். பிழைகள் மிகுதி, களைப்பும் மிகுதி. இரண்டாம் நிலையில் பிழைகள் குறைகின்றன. ஆனால் கவனம் சிதறினால் அடி தவறுகிறது. மூன்றாம் நிலையில் கால்கள் தாமாகச் செல்ல, பாட்டைக் கேட்கவும் எதிரில் இருப்பவரோடு பேசவும் இயலுகிறது.

இவற்றில் நீண்டது இரண்டாம் நிலை. பலர் பயிற்சியை விட்டுவிடுவதும் இங்கேதான். முதல் வாரத்தின் விரைவான மாற்றம் நின்றுபோனதுபோலத் தோன்றும். தவறுகளிலிருந்து அசைவைத் திருத்துவதில் சிறுமூளைக்கு முக்கியப் பங்குண்டு. எனவே அளவான தடுமாற்றம் கற்றலின் ஒரு பகுதியே. பயிற்சிக்குப் பின் ஓய்விலும் உறக்கத்திலும் மூளை அந்த அசைவை மேலும் உறுதிப்படுத்துகிறது. ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பயில்வதைவிட, அதையே பல நாட்களுக்குப் பிரித்துச் செய்வது நன்மை தருவது இதனால்தான்.

நாம் உணராமலே உடல் கற்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளை அறுவை சிகிச்சை பெற்ற, எச்.எம். என்று அறியப்பட்ட ஒருவர், புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் திறனை இழந்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தை வரையும் பயிற்சியை, பிரெண்டா மில்னர் என்னும் ஆய்வாளர் அவருக்கு மூன்று நாட்கள் அளித்தார். முன்னர் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. ஆயினும் நாளுக்கு நாள் அவர் கை மேலும் செம்மையாக வரைந்தது.

நடனம் தருவதும் தராததும்

2012இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள முதியோர் 28 பேரில் ஒரு பகுதியினர் எட்டு வாரம் சல்சா பயின்றனர். அவர்கள் அசையாமல் நிற்கும்போது உள்ள சமநிலையும் நடையின் வேகமும் மேம்பட்டன. கால் தசைகளின் ஆற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. எனவே, மருத்துவர் தசை வலுப் பயிற்சியைப் பரிந்துரைத்திருந்தால், நடனம் அதற்கு மாற்றாகாது.

நோயாளிகளுக்கு

1. முதலில் இசையின்றி, நாற்காலியின் முதுகையோ சுவரையோ பிடித்தபடி எடை மாற்றத்தை மட்டும் பழகுங்கள். அது சீரான பின்னரே அடியையும், அடி சீரான பின்னரே இசையையும் சேர்க்க வேண்டும்.

2. சிறிய அடி வையுங்கள். சல்சாவில் வேகம் கூடக்கூட அடியின் நீளம் குறைய வேண்டும்; பெரிய அடி சமநிலையைக் கெடுக்கும்.

3. நாள்தோறும் பத்து நிமிடம் போதுமான தொடக்கம். களைத்தபின் தொடர்ந்தால் தவறான அசைவே பழக்கமாகும்.

4. முன்னேற்றத்தைப் பிறரோடு ஒப்பிடாதீர்கள். வாரம் ஒருமுறை, பிடிப்பின்றி எத்தனை எட்டுகள் ஆட முடிந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு நாளில் தெரியாத மாற்றம் ஒரு மாதக் குறிப்பில் தெரியும்.

பராமரிப்போருக்கு

இணையாக ஆடும்போது வழிநடத்துபவர் எதிரில் இருப்பவரை இழுப்பதில்லை. இழுத்தால் இருவரின் சமநிலையும் குலையும். கை வழியாக மெல்லிய குறிப்பைத் தந்துவிட்டு, அவர் தம் காலில் நின்று அடி எடுக்கும்வரை காத்திருக்கிறார். நோயாளியை நடத்திச் செல்லும்போதும் இந்த முறையைக் கையாளுங்கள். கையைப் பற்றி இழுக்காமல், விழாதபடி தாங்க அருகில் நில்லுங்கள்.

ஒவ்வோர் அடிக்கும் “இப்படி வை, அப்படி வை” என்று திருத்துவதைத் தவிர்க்கலாம். ஆபத்தில்லாத சிறு பிழையைத் தாமே உணர்ந்து திருத்த அவருக்குச் சிறிது நேரம் கொடுங்கள்.

கவனத்திற்கு

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பெற்றோர், எலும்பு மெலிவு, இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளோர், அடிக்கடி தலைசுற்றல் வருவோர் மருத்துவரைக் கேட்டபின்னரே நடனப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் உடலைத் திருகிச் சுழலும் அசைவுகளை அனுமதியின்றிச் செய்யலாகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், திடீரெனக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மறுநாளும் நீடிக்கும் மூட்டு வலியையும் வீக்கத்தையும் பொறுமையின் பெயரால் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, எங்களிடம் தெரிவியுங்கள்.

பயிற்சி பயனளிக்கவில்லை என்று தோன்றினால், நிறுத்துவதற்கு முன் உங்கள் குறிப்புத் தாளுடன் ஒருமுறை எங்களைச் சந்தியுங்கள். பயிற்சியை மாற்ற வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சேர்ந்து முடிவு செய்யலாம்.