விறகு பிளக்கும் இயந்திரம்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சமையல் எரிவாயு வந்த பிறகும் கிராமத்து வீடுகளில் விறகின் தேவை குறையவில்லை. வெந்நீர் அடுப்பு, நெல் அவித்தல், மஞ்சள் வேகவைத்தல், விசேஷ நாள் சமையல் என்று ஆண்டு முழுவதும் விறகு வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் மரம் இருக்கிறது. ஆனால் கோடாலி பிடிக்க ஆள் இல்லை. இதனால் விறகு பிளக்கும் இயந்திரத்தைப் பற்றி விசாரிக்கும் விவசாயிகள் கூடியிருக்கிறார்கள். தவறான இயந்திரத்தை வாங்கினால் பணம் முடங்கும். பாதுகாப்பில்லாத இயந்திரமாக இருந்தால் கையே போய்விடும்.

முதலில் கணக்கு

ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ விறகு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு சுமார் 1.8 டன் ஆகிறது. இதைக் கோடாலி, சம்மட்டி, இரும்பு ஆப்பு ஆகியவற்றைக் கொண்டே ஒருவர் சில நாட்களில் பிளந்துவிடலாம். இந்த அளவுக்குத் தனியாக இயந்திரம் வாங்குவது வீண் செலவு.

உதாரணமாக, இயந்திரத்தின் விலை 60,000 ரூபாய், பத்து ஆண்டு உழைக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 6,000 ரூபாய். பராமரிப்புக்கும் மின்சாரம் அல்லது பெட்ரோலுக்கும் 3,000 ரூபாய். மொத்தம் 9,000 ரூபாய். ஆள் வைத்துப் பிளப்பதைவிட டன்னுக்கு 1,000 ரூபாய் மிச்சமாகிறது என்றால், ஆண்டுக்கு 9 டன் பிளந்தால்தான் போட்ட பணம் கட்டுப்படியாகும். உங்கள் ஊர்க் கூலியையும் கடைக்காரர் சொல்லும் விலையையும் வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாறு வீடுகள் சேர்ந்து வாங்கினாலோ, உழவர் குழு மூலம் வாங்கி வாடகைக்கு விட்டாலோ கணக்கு எளிதில் நேராகும்.

எந்த மரம், எந்தப் பக்குவம்

இயந்திரத்தின் வலுவைத் தீர்மானிப்பது மரம்தான். சவுக்கு கனமானது என்றாலும் நார் நேராக ஓடுவதால் எளிதில் பிளக்கும். சீமைக்கருவேலம் நல்ல எரிபொருள். ஆனால் கோணல், கவட்டை, கணு அதிகம். புளியமரத்தில் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஆப்பு இறங்காது. தைல மரத்தில் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். காய்ந்த பிறகு அதைப் பிளப்பது சிரமம் என்பதால், வெட்டிய சில நாட்களுக்குள் பிளந்துவிட வேண்டும்.

தென்னையின் உள் அமைப்பே வேறு. மற்ற மரங்களைப் போல வளையம் கிடையாது. நார்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும். ஆப்பு இறங்கினால் சுத்தமாகப் பிளக்காமல் நாரில் சிக்கி நிற்கும். 2018 கஜா புயலில் சாய்ந்ததுபோல ஏராளமான தென்னைகளை ஒரே நேரத்தில் அகற்ற வேண்டிய நிலையில், பிளக்கும் இயந்திரத்தைவிட சங்கிலி ரம்பமே கைகொடுக்கும்.

கூம்புத் திருகு வகை

திருகு மறை வெட்டிய இரும்புக் கூம்பை மோட்டாரோ டிராக்டர் பி.டி.ஓ.வோ சுழற்றும். கட்டையைப் பக்கவாட்டில் கொண்டுபோய்த் தொட்டால் கூம்பு தானே உள்ளே ஏறிப் பிளந்துவிடும். லேத் பட்டறைகளிலேயே செய்து தருவதால் விலை குறைவு. 2 அல்லது 3 எச்.பி. மோட்டாரே போதும்.

ஆனால் ஆபத்து அதிகமுள்ளது இந்த வகைதான். கூம்பு நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். கட்டை கூம்போடு சேர்ந்து சுழன்றால் பிடித்திருக்கும் கையை முறித்துவிடும். துண்டு, வேட்டி, சேலை முந்தானை, முழுக்கைச் சட்டை, கையுறை என எது மாட்டினாலும் ஆளையே இழுக்கும். சுவிட்ச் எட்டாத தூரத்தில் இருந்தால் காப்பாற்ற வழியில்லை. கட்டை சுழலாமல் தடுக்கும் பலகைத் தாங்கி, கூம்பைச் சுற்றிக் காப்பு, காலால் தட்டினாலே நிற்கும் சுவிட்ச் ஆகிய மூன்றும் இல்லாத இயந்திரத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. டிராக்டரில் ஓட்டுவதாக இருந்தால் பி.டி.ஓ. தண்டுக்கு உறை கட்டாயம்.

ஹைட்ராலிக் வகை

எண்ணெய் அழுத்தத்தால் தண்டு நகர்ந்து கட்டையை ஆப்பில் அழுத்தும். இயக்கம் மெதுவானது. கையை எடுத்தால் நிற்கும்படி அமைக்க முடியும். வீட்டு உபயோகத்துக்கு ஏற்றது இதுவே.

விற்பவர்கள் முதலில் சொல்வது ‘இத்தனை டன்’ என்பதைத்தான். அதை நாமே சரிபார்க்கலாம். சிலிண்டரின் உள்விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 0.785ஆலும், பம்பின் அழுத்தத்தாலும் (பார் கணக்கில்) பெருக்க வேண்டும். கிடைப்பது கிலோ கணக்கில் விசை. 10 செ.மீ. விட்டமும் 200 பார் அழுத்தமும் என்றால், 10 x 10 x 0.785 x 200 = 15,700 கிலோ. அதாவது ஏறக்குறைய 16 டன். 6 செ.மீ. விட்டமும் 160 பார் அழுத்தமும் என்றால் நாலரை டன்தான். 8 செ.மீ. சிலிண்டரை வைத்துக்கொண்டு 20 டன் என்று சொன்னால் அதற்கு 400 பார் அழுத்தம் வேண்டும். சிறிய இயந்திரங்களில் உள்ள சாதாரண பம்ப் அந்த அளவுக்குப் போகாது.

முக்கால் அடி விட்டம் வரையுள்ள, நேரான சவுக்கு, வேம்புக் கட்டைகளுக்கு 5 முதல் 8 டன் போதுமானது. கணு நிறைந்த சீமைக்கருவேலம், புளி, ஓரடிக்கு மேற்பட்ட அடிக்கட்டை என்றால் 15 டன்னுக்குக் குறையாமல் பார்க்க வேண்டும்.

டன் கூடினால் மட்டும் வேலை வேகமாக நடக்காது. வேகம், பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. 10 செ.மீ. சிலிண்டர் இரண்டடி நகர 4.7 லிட்டர் எண்ணெய் தேவை. நிமிடத்துக்கு 10 லிட்டர் பம்ப் என்றால் ஒரு நகர்வுக்கு 28 விநாடி ஆகும். பளுவில்லாதபோது வேகமாகவும், கட்டையை அழுத்தும்போது மெதுவாகவும் இயங்கும் இரட்டை நிலை பம்ப் இருந்தால் நேரம் மிச்சமாகும்.

மின்சாரமா, பெட்ரோலா

வீட்டருகில் பயன்படுத்த சிங்கிள் பேஸ் மோட்டார் வசதியானது. மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து இணைத்தால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் எரிந்துபோகும். எர்த் இணைப்பு அவசியம். பாசன மோட்டாருக்கான இலவச மின் இணைப்பில் மாட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். தோப்புக்குள் கொண்டுபோய்ப் பிளக்க வேண்டியவர்களுக்கு பெட்ரோல் இன்ஜின் அல்லது டிராக்டரோடு இணைக்கும் வகை உதவும். பெட்ரோல் இன்ஜினை மூடிய கொட்டகைக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

கடையில் சரிபார்க்க வேண்டியவை

• தோட்டத்திலேயே மிகக் கடினமான கட்டை ஒன்றைக் கொண்டுபோய்ப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் நேர்க்கட்டை எந்த இயந்திரத்திலும் பிளக்கும்.
• இரண்டு கைகளாலும் பிடித்தால் மட்டுமே இயங்கும் இரட்டைப் பிடி இருக்க வேண்டும். ஒருவர் கட்டையைப் பிடிக்க, மற்றவர் இயக்கும் அமைப்பில்தான் விரல்கள் போகின்றன.
• மேடை இடுப்பு உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது. பெரிய அடிக்கட்டைகளுக்கு, தரையில் நிறுத்தியே பிளக்கும் செங்குத்து வகை நல்லது.
• சீல், ஹோஸ் ஆகியவை அருகிலுள்ள ஊரில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.
• மானியம் எதிர்பார்ப்பவர்கள், வாங்கும் முன்பே வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில், இந்த இயந்திரம் திட்டத்தில் உள்ளதா எனக் கேட்க வேண்டும்.

இயக்கும்போது

ஒரு இயந்திரம், ஒரே ஆள் என்பதே விதி. குழந்தைகளும் கால்நடைகளும் பத்தடிக்கு அப்பால் இருக்க வேண்டும். கண்ணாடியும் மூடிய செருப்பும் அணிய வேண்டும். கட்டையின் இரு முனைகளையும் நேராக அறுத்து வைத்தால் நழுவாது. ஆப்பில் சிக்கிய கட்டையை, இயந்திரத்தை நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும். ஹோஸில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே சிறு காயமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டு போதும்.

பிளந்த பிறகு

பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கும். அது வெளியேறாமல் எரித்தால் சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அடுப்புச் சூடு குறைந்து புகை பெருகும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அடுப்படியில் நிற்கும் பெண்கள். கட்டையைப் பிளப்பதன் முக்கியப் பலனே அது சீக்கிரம் காய்வதுதான். மரப்பட்டைக்குள் அடைபட்ட ஈரம் பிளந்த முகத்தின் வழியே எளிதாக வெளியேறும்.

தை, மாசியில் பிளந்து, கோடை முழுவதும் காயவைத்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் விறகு தயாராகிவிடும். கல் அல்லது கட்டைமேல் தரையிலிருந்து அரையடி உயர்த்தி அடுக்கினால் கறையான் ஏறுவது குறையும். மேலே மட்டும் கூரை போட்டு, பக்கங்களைக் காற்றோட்டத்துக்குத் திறந்துவிட வேண்டும். அடுக்கிலிருந்து இரண்டு மூன்று துண்டுகளில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் விறகு காய்ந்துவிட்டது என்று பொருள்.