ஐம்பது காசில் எழுந்த பள்ளிவாசல்கள்

1970களின் சிங்கப்பூரில் ஒரு முஸ்லிம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதம் ஐம்பது காசு பிடித்தம் செய்யப்பட்டது. அன்றைக்கும் அது பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த நாட்டின் புதிய பள்ளிவாசல்கள் அதில்தான் எழுந்தன.

அப்போது கம்பங்கள் எனப்பட்ட பழைய கிராமக் குடியிருப்புகள் அழிந்து அடுக்குமாடி வீடுகள் உயர்ந்துகொண்டிருந்தன. கம்பத்தோடு சேர்த்து அங்கிருந்த சிறிய தொழுகைக் கூடங்களும் போயின. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய நகரங்களில் மின்சாரம், குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் கிடைத்தன. ஜும்ஆ தொழத்தான் பக்கத்தில் இடமில்லை. சிறுபான்மைச் சமூகம், பெரும்பாலும் உழைப்பாளிகள். ஊருக்கு ஊர் பள்ளிவாசல் கட்டப் பணத்துக்கு எங்கே போவது?

1975இல் தொடங்கிய பள்ளிவாசல் கட்டட நிதி இதற்கு வழி சொன்னது. மத்திய சேம நிதிக்குப் பணம் பிடிக்கும்போதே முதலாளி இந்தச் சந்தாவையும் பிடித்துச் செலுத்துவார். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். நிர்வாகம் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் கையில். இரண்டே ஆண்டுகளில், 1977இல், தோ பாயோவில் முஹாஜிரின் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இந்த நிதியின் துணையோடு வந்தன. இன்று சம்பளத்துக்கேற்ப மாதம் 3 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 26 வெள்ளி வரை பிடிக்கிறார்கள். ஒரு பங்கு முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக 1982இல் தொடங்கப்பட்ட மெண்டாக்கி அமைப்புக்குப் போகிறது.

எல்லோரும் காசு போட்டதால் எல்லோருக்கும் அங்கே இடம் வேண்டியிருந்தது. இந்தப் பள்ளிவாசல்களின் திட்டத்திலேயே பெண்களுக்குத் தொழுமிடமும் பிள்ளைகளுக்கு வகுப்பறைகளும் உண்டு. சனி, ஞாயிறுகளில் மதரஸா பாடம் நடக்கிறது. ஜகாத் உதவி கேட்டு ஏழைக் குடும்பங்கள் வருகின்றன. நிக்காஹ் நடக்கிறது, ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். ஐந்து வேளைத் தொழுகைக்கு இடையிலும் ஆள் நடமாட்டம் இருக்கும் கட்டடங்கள் இவை.

தோற்றத்திலும் துணிச்சல் உண்டு. செம்பவாங்கில் 2004இல் எழுந்த அஸ்ஸஃபாஆ பள்ளிவாசலில் குவிமாடம் கிடையாது. கட்டடக் கலைஞர் டான் கொக் ஹியாங், கொடிப்பின்னல் வடிவம் வெட்டிய அலுமினியத் திரைகளால் வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே விட்டார். பீஷானில் 2006இல் வந்த அந்நஹ்தா பள்ளிவாசலில் நல்லிணக்க நிலையம் இருக்கிறது. இஸ்லாம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள மற்ற மதத்தினரும் அங்கே வருகிறார்கள். 2017இல் உட்லண்ட்ஸில் திறந்த பள்ளிவாசலுக்கு நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் பெயர்.

தமிழ் முஸ்லிம்களுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. அங்கே வெள்ளிக்கிழமை பயான் இன்றும் தமிழில்தான். அன்று வணிகர்கள் கொடுத்துக் கட்டினார்கள். பிற்காலத்தில் துப்புரவுத் தொழிலாளியும் டாக்டரும் சேர்ந்து கட்டினார்கள்.

செல்வந்தர் ஒருவர் தனியாகக் கட்டித் தரும் பள்ளிவாசலுக்கும் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆயிரம் வீட்டுக் காசு சேரும்போது ஆயிரம் வீடும் கணக்குக் கேட்கும், ஆயிரம் வீடும் உரிமையோடு படியேறும். புதிதாகப் பள்ளிவாசல் கட்ட நினைக்கும் நம்மூர் ஜமாஅத்துகள் மினாராவின் உயரத்தைப் பேசும் முன், வகுப்பறை எத்தனை, பெண்களுக்கு இடம் எங்கே, சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி ஏறுவார் என்று பேசட்டும். ஐம்பது காசு கொடுத்தவரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடட்டும்.