லிவர்பூல் தெருவும் மாயவரத்துத் தெருவும்

பிழைப்பின் நிமித்தம் ஊரை விட்டு வந்த குடும்பங்களில் பாட்டினால் சண்டை மூள்வதுண்டு. தாத்தாவுக்குத் தியாகையர் கிருதி வேண்டும். தகப்பனுக்குப் பழைய சினிமாப் பாட்டு வேண்டும். குழந்தைகளுக்கோ மேனாட்டுப் பாட்டு வேண்டும். கரக்பூரில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் சென்ற கோடையில் இவ்விதச் சண்டை ஒன்று மூண்டது. அது முடிந்த விதம் நான் சிறிதும் எதிர்பாராதது. ஆகவே அதனை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் துணிந்தேன். சங்கீத ஞானமோ பெரிய படிப்போ இல்லாத ஒரு ரயில்வே குமாஸ்தா எழுதுவது இது. பிழை இருப்பின் பொறுத்தருள்க.

காலனியை அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆங்கிலோ-இந்திய கார்டு ஒருவர் வசிக்கிறார். என் மூத்த மகள் அவரிடம் ஆங்கிலம் கற்கப் போனாள்; ஆங்கிலத்தோடு 1960-களின் பாட்டுகளையும் கற்றுக்கொண்டு திரும்பினாள். பொழுது விடிந்தால் கைப்பேசியில் பீட்டில்ஸ், பொழுது சாய்ந்தால் டாம் ஜோன்ஸ். என் தகப்பனார் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள், "ஊர்தான் போயிற்று, பாட்டும் போக வேண்டுமா?" என்று வெடித்துவிட்டார். அன்று முதல் ஒரு வாரம் பாட்டனுக்கும் பேத்திக்கும் பேச்சு நின்றது. செய்தி அறிந்த கார்டு ஐயா ஒரு மாலை தாமே எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பி அருந்தியவாறே சில விஷயங்களைச் சொன்னார். அவர் சொன்னவற்றோடு, பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

லிவர்பூல் இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள துறைமுகப் பட்டினம். அவ்வூர் வாலிபர்கள் நால்வர் சேர்ந்த கோஷ்டியே பீட்டில்ஸ். உலகமெல்லாம் சுற்றிப் பாடிக் களைத்த அவர்கள், 1966 ஆகஸ்டு மாதத்தோடு ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்வதை நிறுத்திக்கொண்டனர். அவ்வாண்டு ஜான் லென்னன் ஒரு சினிமாவில் நடிப்பதற்காக ஸ்பெயின் தேசத்து அல்மேரியாவுக்குச் சென்றார். அந்நிய மண்ணில் தனித்திருந்த அவருக்கு இளமைப் பருவத்து நினைவு வந்தது. தாய் தந்தையரைப் பிரிந்து பெரியம்மாவின் வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். அவ்வீட்டுக்கு அருகே 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்' என்ற பெயரில் ரட்சணிய சேனையார் நடத்திய குழந்தைகள் இல்லம் ஒன்று இருந்தது. அதன் தோட்டமே அவர் விளையாடிய இடம். அத்தோட்டத்தைப் பற்றி அவர் ஒரு பாட்டுக் கட்டினார்.

தோழர் பால் மக்கார்ட்னியும் சும்மா இருக்கவில்லை. சிறுவயதில் தாம் பஸ் மாறிய 'பென்னி லேன்' என்னும் வட்டாரத்தைப் பாட்டாக்கினார். அப்பாட்டில் வீரமும் இல்லை, காதலும் இல்லை. ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு பாங்கு, தீயணைக்கும் நிலையம், மழை, போவோர் வருவோர், இவ்வளவுதான். அதில் இடையே ஒலிக்கும் சின்னஞ்சிறு ஊதுகொம்பு, பாக் என்ற பழைய மகாவித்துவானின் இசையைத் தொலைக்காட்சியில் கேட்டு மக்கார்ட்னி விரும்பிச் சேர்த்தது.

லென்னன் பாட்டின் கதை இன்னும் விசித்திரம். அது வேறு வேறு சுருதியிலும் காலப்பிரமாணத்திலும் பதிவாகியிருந்தது. ஒன்றின் ஆரம்பமும் மற்றொன்றின் முடிவும் வேண்டும் என்றார் லென்னன். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் ஒன்றன் வேகத்தைக் கூட்டி, மற்றொன்றன் வேகத்தைக் குறைத்து, நாடாவை வெட்டி ஒட்டிச் சரிசெய்தனர். இவ்விரு பாட்டுகளும் 1967 பிப்ரவரியில் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தன.

பீட்டில்ஸ் தட்டு என்றால் விற்பனைப் பட்டியலில் முதலிடம் என்பது அன்று வழக்கமாகிவிட்ட காலம். ஆனால் பிரிட்டனில் இத்தட்டுக்கு அந்த இடம் கிட்டவில்லை. 'ரிலீஸ் மி' என்ற பாட்டு ஆறு வாரம் முதலிடத்தில் அமர்ந்து வழிவிட மறுத்தது. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க்.

இவ்விடத்தில் கார்டு ஐயா சற்று நிறுத்தி, என் தகப்பனாரைப் பார்த்தார். "அவர் உங்கள் மதராஸில் பிறந்தவர், தெரியுமா?" என்றார்.

உண்மைதான். அவருடைய இயற்பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. 1936-இல் சென்னையில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பத்து வயதளவில் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அவருக்கு இந்த வாய் நுழையாப் பெயரைச் சூட்டிய நிர்வாகி கார்டன் மில்ஸ் என்பவரும் சென்னையில் பிறந்தவரே!

கிளிஃப் ரிச்சர்டின் வரலாறு நம் இலாகாவுக்கு இன்னும் நெருக்கமானது. 1940-இல் லக்னோவில் ஹாரி வெப் என்ற பெயரில் பிறந்தவர் அவர். தந்தை, ரயில்வேக்கு உணவு வழங்கும் காண்டிராக்டரிடம் அலுவல் பார்த்தவர். குடும்பம் ஹவுராவில் குடியிருந்தது. 1948-இல் 'ராஞ்சி' என்ற கப்பலேறி இங்கிலாந்து சென்று, வசதி குறைந்த வாழ்க்கையைத் தொடங்கியது. 1958-இல் அந்தப் பையன் பாடகனாகப் புகழ் பெற்றான்.

மற்றோரையும் பாருங்கள். பீ ஜீஸ் சகோதரர் மூவரும் சிறுவராயிருக்கையில் 1958-இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, 1967-இல் இங்கிலாந்து திரும்பியவர்கள். அவ்வாண்டே முதலிடம் பெற்ற அவர்களுடைய 'மாஸசூஸெட்ஸ்' பாட்டு, அதுவரை தாங்கள் கண்டிராத ஓர் ஊருக்குத் திரும்ப ஏங்குவது! டாம் ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1966 டிசம்பரில் முதலிடம் பிடித்த அவரது பாட்டில், சிறையில் கிடப்பவன் ஒருவன் தன் ஊரின் பசும்புல்லைக் கனவு காண்கிறான்.

வெறும் கூச்சல் என்று நாம் ஒதுக்கிய பாட்டுகளில் இத்தனை ஊர் ஏக்கம் புதைந்துகிடக்கிறது. லென்னனும் பின்னர் நியூயார்க்கில் குடியேறி, 1980-இல் அங்கேயே சுடப்பட்டு மாண்டார். அந்நகரப் பூங்காவின் ஒரு பகுதிக்கு அவர் நினைவாக வைத்த பெயர் அந்த லிவர்பூல் தோட்டத்தின் பெயரே. அந்தக் குழந்தைகள் இல்லம் 2005-இல் மூடப்பட்டது. ஆயினும் பாட்டில் ஏறிய இடத்தை உலகம் மறக்கவில்லை. 2019 முதல் பொதுமக்கள் அதனைச் சென்று பார்த்து வருகின்றனர்.

கார்டு ஐயா விடைபெற்ற பின் என் தகப்பனார் நெடுநேரம் பேசாதிருந்தார். மௌனத்தைக் கலைத்தவள் என் மகள். "தாத்தா, உங்கள் தெருவிலும் முடிதிருத்தும் கடை இருந்ததா?" என்று கேட்டாள்.

இருந்ததாம். மாயவரத்தில் மணிக்கூண்டுக்குப் போகும் வழியில், ஒரு காது கேளாத கிழவர் நடத்திய கடை. அதற்கு அடுத்தது வெற்றிலைக் கடை. எதிரே, ஆடி மாதம் காவிரியில் தண்ணீர் வந்ததும் முதலில் ஓடிவந்து செய்தி சொல்லும் தையற்காரர். பிறகு தட்டச்சுப் பள்ளி; அங்கே பயின்றுதான் அவர் 45 ஆண்டுகளுக்கு முன் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தது. இரவு பதினொரு மணி வரை அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வயது முப்பத்தெட்டு. அவ்வீட்டை விற்றபோது பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவன் நான். இருந்தும் அந்தத் தெருவில் யார் யார் வாழ்ந்தனர் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கேட்காததால் அவரும் சொன்னதில்லை. நம் பிள்ளைகளிடமிருந்து ஊரைப் பறிப்பது மேனாட்டுப் பாட்டு என்று எண்ணியிருந்தேன். பறித்தது எங்கள் மௌனமே என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அன்பர்களே, வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களை அமரச் செய்து அவர்களுடைய தெருவைச் சொல்லச் சொல்லுங்கள்; குழந்தைகளை எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். பெரியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு என்று ஒத்திப்போட வேண்டாம்.

எங்கள் வீட்டில் பாட்டனும் பேத்தியும் இப்போது சமாதானம். பீட்டில்ஸ் பாட்டு தொடர்ந்து ஒலிக்கிறது. "சத்தத்தைச் சற்றுக் குறை" என்பதோடு என் தகப்பனார் நிறுத்திக்கொள்கிறார்.