சுருள்சிரைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலி

சுருள்சிரைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலி என்பது, காலில் புடைத்துச் சுருண்ட சிரைகளை அகற்றிய அல்லது அடைத்த பின்னரும் தொடரும் வலி, இழுப்பு, எரிச்சல், மரத்துப்போதல் ஆகியவற்றைக் குறிக்கும். பெரும்பாலும் இது சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். எனினும் இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று உயிருக்கு ஆபத்தானது.

சொற்குழப்பம்

தமிழ்ப் பேச்சுவழக்கில் குருதியைக் கொண்டுசெல்லும் சிரையும், உணர்ச்சியைக் கடத்தும் நரம்பும் 'நரம்பு' என்றே அழைக்கப்படுகின்றன. சுருள்சிரையை 'நரம்பு சுருட்டு' என்பர். ஊசி போடுகையில் 'நரம்பு கிடைக்கவில்லை' என்பதும் சிரையைக் குறித்தே. இதனால் சிகிச்சைக்குப் பின் ஒருவர் 'நரம்பு வலிக்கிறது' என்றால் எதைச் சொல்கிறார் என்பது தெளிவாவதில்லை. வலி எங்கே, எவ்வாறு உள்ளது என விளக்கிச் சொல்வதே மருத்துவருக்கு உதவும்.

இயல்பான வலி

சீரொளி அல்லது வானொலி அலை வெப்பத்தால் சிரையை உள்ளிருந்தே மூடும் முறையில், சிரை காலை விட்டு வெளியேறுவதில்லை. சுருங்கி நார்போல் ஆகி, பல மாதங்களில் உடலால் உறிஞ்சப்படுகிறது. இவ்வாறு சுருங்கும்போது, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, தொடையின் உட்புறத்தில் கயிறு இழுப்பது போன்ற வலி தோன்றும். முதல் சில நாட்கள் நன்றாக இருந்துவிட்டுப் பின்னர் வலிப்பதால், சிகிச்சை தோல்வியுற்றதாகப் பலர் அஞ்சுவதுண்டு. நுரை மருந்தை ஊசி மூலம் செலுத்தும் முறையில், அடைபட்ட சிரைக்குள் தேங்கிய குருதி தொட்டால் வலிக்கும் கட்டிகளாகச் சில வாரங்கள் நீடிக்கலாம். தோலில் பழுப்பு நிறம் படிவதும் உண்டு.

நரம்புக் காயம்

முழங்காலுக்குக் கீழே, காலின் உட்புறப் பெருஞ்சிரையை ஒட்டியே ஓர் உணர்ச்சி நரம்பு செல்கிறது. கெண்டைக்காலின் பின்புறச் சிறுசிரைக்கு அருகிலும் மற்றொரு நரம்பு உள்ளது. சிரையை உருவி எடுக்கும் பழைய அறுவை முறையில், கணுக்கால் வரை உருவும்போது இந்நரம்பு காயமுறும் வாய்ப்பு மிகுதி. ஆகவே முழங்காலோடு நிறுத்துவது வழக்கமாயிற்று. சீரொளி முறையில், சிரையைச் சுற்றி உப்புநீர் கலந்த மரப்பு மருந்தைச் செலுத்தி வெப்பத்தைத் தடுக்கின்றனர். அதனையும் மீறி நரம்பு பாதிக்கப்பட்டால் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகியன ஏற்படும். இவை பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாகக் குறையும்; சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு.

ஆபத்தான அறிகுறிகள்

கெண்டைக்கால் முழுவதும் வீங்கி இறுகி வலித்தால், ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கலாம். இது அரிதானது. ஆனால் உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் உண்டாகி உயிரிழப்பு நேரலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது இந்நிலையில் தீங்கானது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீடிக்கும் வலி

இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின்னும் வலி குறையாவிடில், கேளா ஒலி மூலம் சிரைகளை மீண்டும் ஆய்வது வழக்கம். விடுபட்ட சிரையோ, புதிதாகப் பழுதுற்ற சிரையோ காரணமாகலாம். வலி தொடக்கத்திலிருந்தே சிரையால் வராததாகவும் இருக்கலாம். முழங்கால் மூட்டுத் தேய்வு, முதுகுத்தண்டு நரம்பழுத்தம், நீரிழிவு நரம்புநோய் ஆகியவற்றால் வரும் வலி, சிரையை மூடுவதால் தீர்வதில்லை. அழுத்தக் காலுறையும் எல்லோருக்கும் ஏற்றதன்று. காலின் தமனியில் அடைப்புள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யும்.

நின்று செய்யும் வேலை

நடக்கையில் கெண்டைத்தசை சுருங்கிக் குருதியை மேலே தள்ளுகிறது. அசையாது நிற்கையில் இது நிகழாமல் சிரைகளில் அழுத்தம் கூடுகிறது. எனவே சிகிச்சைக்குப் பின் நடக்குமாறும், நெடுநேரம் நிற்பதைத் தவிர்க்குமாறும் கூறப்படுகிறது. துணிக்கடை, நகைக்கடை விற்பனையாளர்களுக்கு இவ்வறிவுரையைப் பின்பற்றுவது எளிதாக இருந்ததில்லை. கேரளம் 2018-இல் சட்டத்திருத்தம் செய்ததைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. இதன்படி ஊழியர் அனைவருக்கும் இருக்கை வழங்குவதும், வேலைக்கிடையே வாய்ப்புள்ளபோது அவர்களை அமர விடுவதும் கடை உரிமையாளரின் கடமையாகும்.